பழைய கிமோனோவைப் பிரித்துப் புதிய உடை தைப்பது எப்படி?

ஜப்பானிய வீடுகளில் அணிய ஆளின்றிக் கிடக்கும் கிமோனோக்கள் ஏராளம். திருமணத்தின்போது தாய்வீட்டார் செய்து கொடுத்தவை, மகளின் இருபதாம் வயது விழாவுக்கென வாங்கியவை, துக்க வீட்டுக்குப் போக எடுத்துவைத்த கறுப்புப் பட்டு என்று ஒரே மரப்பெட்டியில் பல கிமோனோக்கள் மடித்தபடியே இருக்கும். மூத்தவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது அவை மொத்தமாகப் பழைய துணி வணிகரிடம் போய்ச் சேருகின்றன. கியோத்தோ நகரில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்திலும், 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு ஆலயத்திலும் கூடும் சந்தைகளில் அவற்றைக் குவியலாகப் போட்டு விற்பதைக் காணலாம். ஏறத்தாழ 2,500 முதல் 3,000 பட்டுக்கூடுகள் வரை செலவழித்து நெய்த ஒரு கிமோனோ, ஓராயிரம் யென்னுக்குக் கிடைப்பதும் அங்கே வியப்பில்லை.

இந்தத் துணியை இன்றைய பாவாடையாகவோ மேலங்கியாகவோ மாற்றித் தைக்க விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. தையல் எந்திரத்தில் நேர்த்தையல் அடிக்கத் தெரிந்திருந்தால் போதும். வெட்டுக் கலையில் பெரிய தேர்ச்சி தேவையில்லை. ஆனால் பொறுமை வேண்டும், ஏனெனில் இந்த வேலையில் பெரும்பகுதி தைப்பதல்ல, பிரிப்பது. கிமோனோவை வாங்கிவந்த கையோடு கத்திரியை வைப்பவர்கள்தாம் துணியை அதிகம் வீணடிக்கிறார்கள்.

ஜப்பானியர்களுக்கு இது புதிய யோசனையும் அல்ல. ‘எடோ’ காலம் எனப்படும் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் பெண்களின் விலையுயர்ந்த பட்டாடைகள் கோயிலுக்குக் காணிக்கையாகத் தரப்பட்டு, பீட விரிப்புகளாகவும் துறவிகளின் ஒட்டுப்போட்ட மேலாடைகளாகவும் தைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிமோனோக்கள் ‘மொம்பே’ எனப்படும் வேலைக்காற்சட்டைகளாயின. போர் முடிந்து துணிக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் இளம்பெண்கள் தையற்பள்ளிகளுக்குப் போய், தாயின் கிமோனோவைப் பிரித்து மேற்கத்திய கவுன் தைத்துக்கொண்டார்கள். நாம் செய்யப்போவது அதன் தொடர்ச்சியே.

முதலில் துணியின் கணக்கு

கிமோனோவுக்கான துணி ‘தன்மோனோ’ எனப்படும் ஒடுங்கிய சுருளாக நெய்யப்படுகிறது. அகலம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர், அதாவது 14 அங்குலம். நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். ஒரு சுருளில் ஒரு கிமோனோ. பழைய பட்டுப்புடவையைப் பாவாடை சட்டையாகத் தைத்துப் பழகியவர்கள் 45 அங்குல அகலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அணுகினால் திணறிப்போவார்கள். இங்கே ஒவ்வொரு வடிவமும் 36 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும், அல்லது பட்டிகளை இணைத்து உருவாக வேண்டும்.

அந்த 12 மீட்டரை நேர்கோட்டில் மட்டுமே வெட்டி எட்டுத் துண்டுகளாக்குகிறார்கள். உடலுக்கு இரண்டு நீண்ட துண்டுகள். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். முன்பக்கக் கீழ்விளிம்பில் தொடங்கி, தோளைத் தாண்டி, பின்பக்கக் கீழ்விளிம்புவரை ஒரே துண்டாக ஓடுவதால் தோளில் தையலே இல்லை. கைகளுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிவதற்கான ‘ஒக்குமி’ எனும் அரை அகலப் பட்டிகள் இரண்டு. மீதி, கழுத்துப்பட்டியும் அதன்மேல் அழுக்கு படாமலிருக்க வைத்துத் தைக்கும் மேற்பட்டியும்.

இவற்றில் துணியின் உள்ளே விழுந்த வெட்டு ஒன்றே ஒன்றுதான்: உடல் துண்டுகளின் நடுவில், கழுத்துக்காக உள்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் குறுக்கே கீறியிருப்பார்கள். இந்தக் கீறலை மறந்துவிட்டு ‘3 மீட்டர் முழுத்துணி இருக்கிறது’ என்று கணக்குப் போட்டால், பாதி வேலையில் நடுவே ஒரு பிளவு எட்டிப்பார்க்கும். மற்றபடி தையல்காரர் துணியை வெட்டாமல் உள்ளே மடித்தே வைத்திருப்பார். இடுப்பருகே உட்புறம் ஒரு மடிப்பு ஒளிந்திருக்கும். கையின் கீழ்மூலை வளைவாகத் தெரிந்தாலும் உள்ளே சதுர மூலை சுருக்கி அடக்கப்பட்டிருக்கும். பிரித்துக் கழுவி மறுபடி தைப்பதற்காகவே இப்படிச் செய்தார்கள். ‘அராய்-ஹரி’ என்னும் அந்தப் பழைய சலவை முறையில், கிமோனோவை முழுவதும் பிரித்து, துண்டுகளை வரிசையாக இணைத்து மீண்டும் ஒரே நீளத் துணியாக்கி, அலசி, கடற்பாசிக் கஞ்சி போட்டு, மூங்கில் குச்சிகளால் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள்.

எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

தொடக்கநிலையில் உள்ளவருக்கு மிக எளியது ‘கொமோன்’, அதாவது உடல் முழுவதும் ஒரே சிறு வடிவம் திரும்பத் திரும்ப வரும் கிமோனோ. எங்கே வெட்டினாலும், எதை எதோடு இணைத்தாலும் வடிவம் கெடாது. ஒரே நிறமுள்ள ‘இரொமுஜி’யும் நல்லது. விருந்துக்கு அணியும் ‘ஹோமொங்கி’யில் ஓவியம் தையல்களைத் தாண்டி ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தொடர்வதால், அதை மாற்றித் தைக்கக் கொஞ்சம் அனுபவம் வேண்டும்.

மலிவாகவும் நல்ல பட்டாகவும் கிடைப்பது ‘குரோதொமேசொதே’. மணமக்களின் தாய்மார் அணியும் இந்தக் கறுப்புக் கிமோனோவில் ஐந்து இடங்களில் குடும்பச் சின்னம் இருக்கும்; ஓவியம் இடுப்புக்குக் கீழே மட்டும் வரும். வேறு குடும்பத்தினர் அணியத் தயங்குவதால் பழைய துணிச் சந்தையில் இதற்குக் கேட்பார் குறைவு. நீண்ட பாவாடைக்கோ கவுனுக்கோ இதைவிடப் பொருத்தமான துணி அரிது என்பது என் கருத்து. சின்னங்கள் நடுமுதுகிலும், இரு கைகளின் பின்புறத்திலும், மார்பின் இருபுறத்திலும் இருக்கும். அவை ஒரு குடும்பத்தின் அடையாளம் ஆகையால், அவற்றை மார்பின் நடுவே அலங்காரமாக வைப்பதைவிட, தையலுக்குள்ளோ பையின் உட்புறத்திலோ போகும்படி வெட்டுவது மரியாதை.

துணிவகைகளில் ‘சிரிமென்’ என்பது சுருக்கம் கொண்ட கிரேப் பட்டு. கியோத்தோவின் வடக்கே தாங்கோ பகுதியில் நெய்யப்படுவது புகழ்பெற்றது. தழைந்து விழும் அழகு இதற்கு உண்டு, ஆனால் தண்ணீர் பட்டால் சுருங்கும். ‘ரின்சு’ வழுவழுப்பானது, எந்திரத்தில் நழுவும். ‘ட்சுமுகி’ சற்றே முரடான நூலில் நெய்த பட்டு. நழுவாது, மடிப்பு நிற்கும், சட்டைக்கும் மேலங்கிக்கும் ஏற்றது. 1910களிலிருந்து போருக்கு முன்பு வரை இசெசாக்கி, சிச்சிபு, அஷிகாகா முதலான ஊர்களில் பெருவாரியாக நெய்யப்பட்ட ‘மேய்சென்’ பட்டு, பெரிய பெரிய வடிவங்களாலும் துணிச்சலான நிறங்களாலும் இன்றைய கண்ணுக்கு உடனே பிடித்துவிடும். அதுதான் ஆபத்தும்: அதன் வயது காரணமாகப் பல துண்டுகள் இற்றுப்போயிருக்கும். பட்டு மட்டும்தான் கிமோனோ என்றில்லை. பருத்தி ‘யுகாத்தா’, 1960களில் அன்றாட உடையாக விளங்கிய கம்பளிக் கிமோனோ, பின்னர் வந்த பாலியெஸ்டர், போர்க்காலத்துச் செயற்கைப் பட்டு (ரேயான்) என எல்லாமே சந்தையில் கலந்து கிடக்கும். முதல்முறை தைப்பவருக்கு யுகாத்தாவைப் போல இணக்கமான துணி வேறில்லை.

வெட்டக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கிமோனோவை, அணியக்கூடிய ஒருவர் இருக்கும்போது வெட்டுவதில் சிக்கனம் எதுவும் இல்லை. ஒக்குமியின் கீழ்ப்பகுதியில் ஓவியரின் கையொப்பமோ முத்திரையோ இருந்தால் அது பெயருள்ள கைவினைஞரின் படைப்பாக இருக்கலாம். ஒக்கினாவாத் தீவின் ‘பிங்காத்தா’ சாயத்துணி, சான்றுச்சீட்டுடன் வரும் யூக்கி ட்சுமுகி, சேற்றுச் சாயமிட்ட அமாமி ஓஷிமாப் பட்டு ஆகியவையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் கத்திரி படக்கூடாதவை. கறை பட்டவை, கீழ்விளிம்பு நைந்தவை, இன்றைய பெண்களின் உயரத்துக்கு எட்டாத குட்டையானவை ஆகியனவே மறுதையலுக்கு உரியவை.

வாங்கும் இடத்திலேயே சோதிப்பது

துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கையின் அடிப்பகுதி, கழுத்துப்பட்டி, உட்காரும்போது இழுபடும் பின்புறம் ஆகிய இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் நெசவு தளர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, ஊடையின் திசையிலும் (அகலவாட்டில்) பாவின் திசையிலும் (நீளவாட்டில்) மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல பட்டு இழுத்துக் கொடுத்துத் திரும்பும். இற்றுப்போன பட்டு காகிதம்போல் மெல்லிய ஓசையுடன் பிளக்கும். எடை கூடுவதற்காக உலோக உப்பேற்றிய பழம்பட்டுகளில் இது அதிகம்; இதற்குச் சிகிச்சை கிடையாது. ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டால் சில நாள் தாங்கும், பிறகு அடுத்த இடத்தில் பிளக்கும்.

உள்ளே திருப்பி லைனிங்கையும் பாருங்கள். போருக்கு முந்தைய பெண்கள் கிமோனோ பலவற்றில் உள்துணி செஞ்சிவப்பாக இருக்கும். குசும்பப் பூவால் சாயமேற்றிய ‘மொமி’ எனும் மெல்லிய பட்டு அது. பார்க்க மிக அழகு. நனைந்தால் சாயம் இறங்கி அருகில் உள்ள எல்லாவற்றையும் ரோஜா நிறமாக்கிவிடும். வெள்ளை உள்துணியில் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பழைய பூஞ்சையின் சுவடு. மேல்துணிக்கு அவை பரவாமல் இருந்தால் வாங்கலாம். சூடம், அந்துருண்டை வாசனை நிழலில் காற்றாடப் பல நாள் தொங்கவிட்டால் போகும். ஈரமண் போன்ற பூஞ்சை வாடை அவ்வளவு எளிதில் போகாது.

எந்த இழை என்ற ஐயம் இருந்தால், வீட்டுக்கு வந்தபின் உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றத்துடன் மெதுவாக எரிந்து, விரலில் பொடியாகும் கரியை விடும். பருத்தியும் செயற்கைப் பட்டும் காகிதம் எரிவதுபோல் எரியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். செயற்கைப் பட்டு ஈரத்தில் வலுவிழக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பிரித்தல்

தரையில் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். முகக்கவசம் அணிவதும் நல்லது, ஏனெனில் மடிப்புகளுக்குள் பல பத்தாண்டுத் தூசு இருக்கும். பிரிக்கும் முன் கிமோனோவை முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துவையுங்கள். கூர்முனைச் சிறு கத்திரியே இங்கே சிறந்த கருவி. தையல் பிரிப்பானின் கொக்கிமுனை பட்டு நூலோடு பட்டுத்துணியையும் சேர்த்து இழுத்துவிடும்.

பெரும்பாலான பட்டுக் கிமோனோக்கள் கையால், ஓட்டுத்தையலில் தைத்தவை. ஆகவே ஒவ்வொரு தையலையும் வெட்ட வேண்டியதில்லை. ஐந்தாறு சென்டிமீட்டருக்கு ஒரு முறை நூலை வெட்டி, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உருவினால் நூல் முழுசாக வந்துவிடும். இரண்டு துண்டுகளைப் பிடித்துப் ‘பர்’ரென்று இழுப்பது வேகமான வழிதான், அப்படிச் செய்தால் விளிம்பில் உள்ள நூல்கள் அறுந்து, பிற்பாடு தையலுக்கு இடம் இல்லாமல் போகும். கைப்பகுதியின் திறப்பு, அக்குளுக்குக் கீழே உள்ள பிளவு, கழுத்துப்பட்டியின் இரு முனைகள் ஆகிய இடங்களில் முடிச்சுகள் கெட்டியாக இருக்கும். பின்கழுத்தின் உட்புறத்தில் வலுவுக்கு வைத்த சிறு துணியும் இருக்கும். அங்கெல்லாம் அவசரம் கூடாது.

முதலில் கைகளைக் கழற்றுங்கள். அடுத்துக் கழுத்தின் மேற்பட்டி, பிறகு கழுத்துப்பட்டி. கீழ்விளிம்பைப் பிரித்து உள்துணியை மேல்துணியிலிருந்து விடுவித்தபின், ஒக்குமி, பக்கத் தையல், கடைசியாக நடுமுதுகுத் தையல் என்று போகலாம். கழற்றிய ஒவ்வொரு துண்டிலும் ‘இடது முன், மேல்’ என்பதுபோல் எழுதிய சிறு துணிச்சீட்டை ஓரத்தில் தொங்கத் தைத்துவிடுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், பசை பட்டில் தங்கிவிடும். துணி தோளைத் தாண்டிப் பின்னால் இறங்குவதால், முன்பக்கத்தில் நேராக நிற்கும் பூ பின்பக்கத்தில் தலைகீழாக இருக்கக்கூடும். சீட்டு இல்லாவிட்டால் இந்தக் குழப்பம் தைத்து முடித்தபின்தான் தெரியும்.

பக்கத் தையலைத் திறக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். வெளியே மங்கிய ஊதாவாகத் தெரிந்த துணி, மடிப்புக்குள் இரண்டு மூன்று விரற்கடை அகலத்துக்கு அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஊசித்துளைகள் வரிசையாக ஓடும். அந்தப் பட்டைதான் துணியின் உண்மையான நிறம். மங்கிய பகுதியும் மங்காத பகுதியும் ஒரே துண்டில் அருகருகே வராமல் வடிவத்தை அமைப்பது, அல்லது அந்த நிறமாற்றத்தையே நேர்க்கோடாக வெளியே காட்டுவது என்று இரண்டு வழிகள் உண்டு. கூச்சப்பட்டு மறைக்க முயன்று பாதி தெரிய விடுவதுதான் பார்க்கச் சகிக்காது. ஊசித்துளைகள் பெரும்பாலும் துவைத்து இஸ்திரி போட்டதும் மூடிக்கொள்ளும்.

துவைத்தலும் சுருக்கமும்

தைத்தபின் துவைக்கும் உடையாக அது இருக்க வேண்டுமென்றால், வெட்டும் முன்பே ஒருமுறை துவைத்துவிட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பொன்தாள் ஒட்டிய பகுதி, பூவேலை, முடிச்சுச் சாயமான ‘ஷிபோரி’ ஆகியவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள். ஷிபோரியின் மேடுபள்ளம் ஒருமுறை தட்டையானால் திரும்பாது.

மற்றவற்றுக்கு, முதலில் கழுத்தின் மேற்பட்டியை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீள அகலத்தை அளந்து எழுதி, குளிர்ந்த நீரில் மென்மையான நடுநிலைச் சலவைத்திரவம் சில துளி விட்டு, கசக்காமல் அமுக்கி அலசி, துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, நிழலில் பாதி உலரவிட்டு, ஈரம் இருக்கும்போதே பாவின் திசையில் இஸ்திரி போடுங்கள். மறுபடி அளந்தால் சுருக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ட்சுமுகி பெரிதாக மாறாது. சிரிமென் பத்தில் ஒரு பங்குகூடச் சுருங்கலாம், குறிப்பாக அகலத்தில். 36 சென்டிமீட்டரில் அது பெரிய இழப்பு. அவ்வளவு சுருங்கும் துணியை நனைக்காமலே தைத்து, உலர்சலவைக்கு மட்டும் கொடுப்பதே அறிவு. அப்படியானால் இஸ்திரிப்பெட்டியின் நீராவியையும் நிறுத்தி, மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும்.

சிவப்பு மொமியை வேறெதனுடனும் நனைக்க வேண்டாம். அது வலுவாக இருந்தால் நனையாத பொருள்களுக்கு, மணிபர்ஸின் உட்புறம் போன்றவற்றுக்கு, எடுத்துவைக்கலாம்.

முதல் உடை: நான்கு பட்டிப் பாவாடை

தையலே வேண்டாம் என்பவர்கள் ‘ஹவோரி’யோடு தொடங்கலாம். கிமோனோவுக்கு மேல் அணியும் இந்த அரைக்கோட்டு முன்புறம் மூடாமல் தொங்குவது. கைகளின் அடிப்பகுதியை உள்ளே மடித்துக் கையின் ஆழத்தைக் குறைத்துவிட்டால் ஜீன்ஸுக்கு மேல் அப்படியே போடலாம். ஆண்களின் ஹவோரிகளை உட்புறம் திருப்பிப் பார்க்கத் தவறாதீர்கள். வெளியே வெறும் கறுப்பாக இருக்கும் அதன் முதுகு லைனிங்கில் புலியோ, மலையோ, கப்பலோ தீட்டியிருக்கும்.

தைக்கத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இடுப்பில் எலாஸ்டிக் வைத்த நேர்ப்பாவாடை. உடலின் இரண்டு நீண்ட துண்டுகளையும் தோளில், கழுத்துக்கான கீறல் உள்ள கோட்டிலேயே குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள நான்கு பட்டிகள் கிடைக்கும். கீறலும் தீர்ந்தது, முழு வெட்டும் தீர்ந்தது.

பாவாடையின் உயரம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழ்மடிப்புக்கு 5, இடுப்பு மடிப்புக்கு 5 சேர்த்து, ஒவ்வொரு பட்டியிலும் 100 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும். கீழ்விளிம்பு நைந்திருந்தால் அதை விலக்கி, நல்ல பகுதியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பட்டிகளின் நெய்த ஓரம் பிரியாது என்பதால் ஓவர்லாக் அடிக்கவோ ஓரத்தை வெட்டவோ வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் விட்டு நான்கையும் இணைத்தால், ஒவ்வொன்றும் 34 ஆக, மொத்தச் சுற்றளவு 136 சென்டிமீட்டர் வரும். இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் உள்ள ஒருவருக்கு 36 சென்டிமீட்டர் தளர்வு கிடைக்கிறது. நடக்கவும் உட்காரவும் அது போதும். இன்னும் அகலம் வேண்டுமென்றால் ஒக்குமிப் பட்டிகள் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். துவைத்ததில் அகலம் குறைந்திருந்தால் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டே இணைக்க வேண்டும்.

எந்திரத்தில் 9 எண் கொண்ட மெல்லிய ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டரில் வையுங்கள். தையல் மிகப் பொடியாக இருந்தால் பழைய பட்டில் துளைகள் நெருங்கி, கிழிசலுக்கு வழிகாட்டியாகிவிடும். குண்டூசியைத் தையலுக்கு வெளியே உள்ள ஓரத்தில் மட்டும் குத்துங்கள். முதலில் பெரிய கைத்தையலால் இணைத்துக்கொண்டு பிறகு எந்திரத்தில் ஓட்டினால் ரின்சுகூட நழுவாது. தைத்தபின் ஓரத்தை ஒரு பக்கமாக மடித்துத் தேய்க்கும்போது, சரியாகத் தையற்கோட்டில் மடிக்காமல், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மடியுங்கள். கிமோனோ தையல்காரர்களின் வழக்கம் இது. தையல் வெளியே தெரியாது. இழுபடும்போது முதல் இழுப்பை அந்த மடிப்பு வாங்கிக்கொள்ளும்.

பழைய பட்டு இழுவிசையைத் தாங்க வேண்டியதில்லாதபடி லைனிங் போடுவது அவசியம். கிமோனோவின் சொந்த உள்துணி பெரும்பாலும் மஞ்சளித்து நைந்திருக்கும். மெல்லிய பருத்தியோ, பருத்திக்கழிவிலிருந்து செய்யும் குப்ரோவோ நல்லது. லைனிங்கை மேற்பாவாடையைவிடச் சுற்றளவில் 4 சென்டிமீட்டர் குறைவாகத் தைத்தால், உட்காரும்போது அழுத்தம் அதன்மேல் விழும், பட்டின்மேல் விழாது. இரண்டையும் இடுப்பில் சேர்த்து மடித்து, 3 சென்டிமீட்டர் எலாஸ்டிக்கைக் கோத்துவிடுங்கள். கீழ்மடிப்பைக் கையால், வெளியே ஒற்றை இழை மட்டும் படும்படி தையுங்கள். எந்திரத்தில் அடித்த கீழ்மடிப்பு பட்டின் தழைவைக் கெடுத்து, விளிம்பைக் கம்பிபோல் நிற்க வைக்கும்.

நான்கு பட்டிகளிலும் மேலே ஏறத்தாழ அரை மீட்டர் மிஞ்சும். அதில் பக்கப் பைகள், இடுப்பில் கட்டும் நாடா எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். கைத்துண்டுகள் இரண்டும் இன்னும் முழுசாகவே இருக்கின்றன. அவற்றை நீளவாட்டில் இணைத்தால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலத் துணி; கையில்லாத ஒரு மேற்சட்டைக்கு அது காணும், நடு இணைப்பில் கழுத்துக்கு மட்டும் திறப்பு விட்டால் போதும்.

ஒன்றன்மேல் ஒன்று மடியும் மேலங்கியோ சுற்றுப்பாவாடையோ தைப்பதென்றால், அணிபவரின் இடப்பக்கம் மேலே வரும்படி அமைக்க வேண்டும். ஜப்பானில் வலப்பக்கத்தை மேலே மடிப்பது இறந்தவருக்கு மட்டுமே. மேற்கத்திய பெண்கள் உடை வெட்டுப்படிவங்களில் வலப்பக்கம் மேலே வருவது வழக்கமாகையால், இந்த இடத்தில் படிவத்தை நம்பாமல் நாமே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஓபியும் துணுக்குகளும்

இடுப்பில் கட்டும் ‘ஓபி’யை உடையாக்க முயல வேண்டாம், அது விறைப்பானது. கியோத்தோவின் நிஷிஜின் தறிகளில் நெய்த ‘ஃபுக்குரோ ஓபி’ ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் அகலமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது. கைப்பை, மடிக்கணினி உறை, மேசைவிரிப்பு ஆகியவற்றுக்கு அது உகந்தது. ஆனால் வாங்கும் முன் முழுவதும் விரித்துப் பாருங்கள். பல ஓபிகளில் உடலைச் சுற்றும் மறைவான பகுதியில் வடிவமே நெய்திருக்காது.

கையகலத் துணுக்குகள் கண்டிப்பாக மிஞ்சும். சிறு சதுரங்களை மடித்துப் பூவாக்கும் ‘ட்சுமாமி’ வேலைக்கு 3 சென்டிமீட்டர் துணி போதும். கியோத்தோவில் நடனக் கலை பயிலும் ‘மைகோ’ப் பெண்கள் கூந்தலில் சூடும் பூக்கள் அப்படிச் செய்தவையே. அதற்கும் உதவாத நீளக் கிழிசல்களை ஒரு சென்டிமீட்டர் நாடாக்களாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடையாகப் போட்டு நெய்வது ‘சக்கியோரி’. துணி அரிதாக இருந்த வடக்கு ஜப்பானில் அது ஏழைகளின் குளிராடையாக இருந்தது. இன்று கைத்தறி வைத்திருப்பவர்கள் அதில் பைகளும் தரைவிரிப்புகளும் நெய்கிறார்கள்.

விற்கிறவர்களுக்கு

தைத்ததை விற்கும் எண்ணம் இருந்தால், முன்புறம் திறந்து தொங்கும் எந்த மேலங்கிக்கும் ‘கிமோனோ’ என்று பெயர் சூட்டும் பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தம் உள்ளாடை நிறுவனத்துக்கு அந்தப் பெயரை வைக்கப் போக, கியோத்தோ நகரத் தலைவரே கடிதம் எழுதி ஆட்சேபித்தார்; பெயர் மாற்றப்பட்டது. ‘பழைய கிமோனோத் துணியில் தைத்த பாவாடை’ என்று சொன்னால் உண்மையும் அதுதான், வாங்குபவருக்கும் பிடிக்கும். துணி எந்த வகை, ஏறத்தாழ எந்தக் காலத்தது, தண்ணீரில் துவைக்கலாமா, எங்கே கறை இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி உடையோடு வைத்துக் கொடுங்கள். சிரிமென் பாவாடை வாங்கியவர் அதைச் சலவை எந்திரத்தில் போட்டு, முழங்காலுக்கு மேல் ஏறிய பாவாடையோடு உங்களிடம் திரும்பி வருவதைத் தடுக்க வேறு வழியில்லை.